மாத்திரைக்கார அக்கா

பாகூர் ஏரிக்குக் கிழக்கே, நெல்லும் கரும்பும் மாறி மாறி நிற்கும் ஒரு சின்ன ஊரில் விஜயகுமாரி, ‘ஆஷா’ என்னும் கிராமச் சுகாதாரப் பணியாளராக இருக்கிறாள். ஊரில் எந்தப் பெண் முழுகாமல் இருந்தாலும் வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். அவளைத் துணை சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டும், இரும்புச் சத்து மாத்திரையைக் கையில் கொடுத்து, அவள் விழுங்கினாளா என்று விசாரிக்க வேண்டும். அதனால் ஊரார் வாயில் அவள் பெயரே போய் ‘மாத்திரைக்கார அக்கா’ என்று ஆகிவிட்டது. கேலியாகத் தொடங்கிய பெயர்தான். அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவள் பாகூரில் ஒரு துணிக்கடையில் நின்றவள். வந்தவர் முகம் சுளித்தாலும் சிரித்துக்கொண்டே அடுத்த புடவையை விரித்துக் காட்ட வேண்டும். அங்கே கற்ற பொறுமையில்தான் இங்கே பிழைப்பு ஓடுகிறது என்று கணவன் தங்கவேலிடம் சொல்வாள்.

மாத்திரையை யாரும் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிறகு அது டிவிக்குப் பின்னால் கிடக்கும், அரிசிப் பானையில் கிடக்கும், குப்பைமேட்டில் பிரிக்காத அட்டையாகக் கிடக்கும். குமட்டுகிறது என்பாள் ஒருத்தி. வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்று பயப்படுவாள் இன்னொருத்தி. பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். விஜயகுமாரி யாரையும் திட்டியதில்லை. கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், அதில் கெடுதல் இல்லை என்பாள். டீ குடித்தவுடன் போடாதே, ராத்திரி சாப்பிட்ட பிறகு போடு என்பாள். சிலர் கேட்டார்கள். பலர் கேட்கவில்லை.

ஜெயசித்ரா அந்த ஊருக்கு வாழ வந்தவள். அவள் கணவன் அருள்தாஸ் டாட்டா ஏஸ் சரக்கு வண்டி ஓட்டுகிறான். அவளோ விடியற்காலையில் கம்பெனி வேனில் ஏறி, பொருள்களை அட்டைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போய்விட்டு இருட்டும் நேரத்தில் திரும்புவாள். ஐந்தாம் மாதம் வரை அவள் கர்ப்பமாக இருப்பது தெருவில் யாருக்கும் தெரியாது. தொளதொளவென்று சுடிதார் போட்டு, மேலே துப்பட்டாவை அகலமாக விரித்து மறைத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்க் குழாயருகே விஜயகுமாரி அவளைப் பிடித்தாள்.

“யார்கிட்டயும் சொல்லிடாதக்கா. கம்பெனியில தெரிஞ்சா நிறுத்திடுவாங்க.”

“நான் எதுக்குச் சொல்றேன்? உன் மூஞ்சிய பாரு, வெளுத்துப் போயிருக்கு. மாத்திரை போடறியா?”

“ஆஸ்பத்திரியில குடுத்தத ஒரு நாள் போட்டேன். வேன்ல கொமட்டிட்டு வந்துச்சி. வாந்தி எடுத்தா சூப்பர்வைசரம்மா கண்டுபுடிச்சிடும்.”

“காலைல ஏன் போடற? ராத்திரி சோறு துன்னுட்டுப் போடு.”

“ராத்திரி எங்கக்கா சோறு துன்றேன்? வந்ததும் படுத்துடறேன்.”

மறுநாள் சாயங்காலம் வேன் வந்து நின்ற முக்கில் விஜயகுமாரி நின்றிருந்தாள். கையில் ஒரு வாழைப்பழம், தண்ணீர் பாட்டில், மாத்திரை. ஜெயசித்ரா பழத்தைத் தின்று மாத்திரையை விழுங்கும் வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே அருகில் நின்றாள். அதற்கடுத்த நாளும் நின்றாள். சில வாரங்கள் இப்படியே போயின. ஜெயசித்ராவே சிரித்துக்கொண்டு கையை நீட்டும் அளவுக்கு வந்துவிட்டாள்.

ஒரு நாள் மாமியார் தையலம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

தையலம்மாள் கெட்டவள் இல்லை. அவள் மகளுக்கு இரண்டு வருடத்துக்கு முன் ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுத்தார்கள். தையல் போட்ட இடம் சீழ் பிடித்து, அந்தப் பெண் பாயோடு பாயாகக் கிடந்தாள். அவளுக்குப் பீத்துணி அலசியது தையலம்மாள்தான். அந்த மகளுக்கு மாத்திரை கொடுத்தவள் விஜயகுமாரி.

“ஒரு பொண்ணக் கிழிச்சது போதாதா உனுக்கு?” என்று நடுத்தெருவில் கேட்டாள். “உன் மாத்திரையாலதான் புள்ள பெருத்துச்சி.”

“புள்ள குறுக்க இருந்துச்சிம்மா, அதனால ஆபரேஷன் பண்ணாங்க. மாத்திரைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.”

“உனுக்கு இன்னா தெரியும்? நீயா டாக்டரு?”

விஜயகுமாரி சொன்னது உண்மைதான். ஆனால் மகள் பட்ட வேதனையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவளிடம் அந்த உண்மை எடுபடவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஜெயசித்ரா முக்கில் இறங்கவில்லை. ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வரப்பு வழியாக வீட்டுக்குப் போனாள். விஜயகுமாரி பழத்தோடு காத்திருந்து திரும்பினாள்.

ஏழாம் மாதத்தில் எப்படியோ கெஞ்சி அழைத்துப் போய் ரத்தம் பார்த்ததில், இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. இனி மாத்திரை மட்டும் போதாது, ஊசி வழியாக இரும்புச் சத்து ஏற்ற வேண்டும், பல தடவை வர வேண்டும் என்றார் டாக்டர். ஜெயசித்ரா ஒரு தடவை போனாள். அடுத்த தடவைக்குக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. அதற்கும் அடுத்த வாரம் பெட்டிகளுக்கு நடுவில் மயங்கி விழுந்தாள். விஷயம் தெரிந்துவிட்டது. மறுநாள் அவளுக்காக வேன் நிற்கவில்லை.

வேலை போன பிறகு அவள் வீட்டில் இருந்தாள். மாத்திரையைத் தானே கேட்டு வாங்கிப் போட்டாள். தையலம்மாளும் தடுக்கவில்லை. ஆனால் எட்டாம் மாதம் முடிவதற்குள் ஒரு மத்தியானம் ரத்தப்போக்கு கண்டுவிட்டது. விஜயகுமாரிதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து, அவளைப் பிடித்துக்கொண்டு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். வழியெல்லாம் ஜெயசித்ரா, “குளுருதுக்கா” என்று மட்டுமே சொன்னாள். வெளியே நல்ல வெயில்.

ஆண் பிள்ளை பிறந்தது. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கிவிடும் அளவு. தாய்க்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஈடாகச் சொந்தக்காரர்கள் ரத்தம் கொடுத்தால் நல்லது என்றார்கள். அருள்தாஸ் கொடுத்தான். “நானும் குடுக்கறேன்” என்று விஜயகுமாரி போய் நின்றாள். ரத்த வங்கியில் விரலைக் குத்திப் பார்த்த பெண் தலையை ஆட்டினாள்.

“எடுக்க முடியாதும்மா. உங்களுக்கே ரொம்பக் கம்மியா இருக்கு. நீங்க மாத்திரை போடணும்.”

தையலம்மாள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். விஜயகுமாரியை ஏற இறங்கப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தங்கவேல் கேட்டான். “ஊருக்கெல்லாம் குடுக்கற. நீ ஏன் போடல?”

“தோணல,” என்றாள். உண்மையிலேயே தோன்றியதில்லை. படியேறும்போது மூச்சு வாங்குவதும், உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டுவதும் அலைச்சலால் என்றே அவள் நினைத்திருந்தாள்.

பிள்ளை இரண்டு வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. பிறகு இறந்துபோயிற்று. அருள்தாஸ் அதை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக் கல்லறைக்கு எடுத்துப் போனான். விஜயகுமாரி பின்னால் நடந்து வந்தாள். யாரும் அவளை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

ரத்த வங்கியில் நடந்தது அன்றைக்கே, அவளுக்கு முன்னால், ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. “அவளுக்கே ஒடம்புல ரத்தம் இல்லியாம். நம்பளுக்கு மாத்திரை குடுக்க வர்றா” என்று பால் சொசைட்டியில் பேசிக்கொண்டார்கள். தங்கள் பிள்ளை சுகமாகப் பிறந்ததற்கு அவளைக் கையெடுத்துக் கும்பிட்ட பெண்களும் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். இப்போது விஜயகுமாரி தினமும் மாத்திரை போடுகிறாள். அதை யாரிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது?

பிள்ளை போன பிறகும் அவள் ஜெயசித்ராவைப் பார்க்கப் போனாள். ஜெயசித்ரா தலை வாரிக்கொண்டிருந்தாள். வேறொரு கம்பெனியில் சேரப் போகிறாளாம்.

“மாத்திரைய நிறுத்தாத ஜெயசித்ரா. இன்னும் கொஞ்ச மாசம் போடணும்.”

“புள்ளதான் இல்லியே. இனிமே எதுக்குக்கா?”

“உனக்குத்தான்.”

“எனக்கா?” என்றாள் ஜெயசித்ரா. அட்டையை வாங்கிக்கொண்டாள். போடுகிறேன் என்று சொல்லவில்லை.

அங்கிருந்து விஜயகுமாரி அடுத்த தெருவுக்குப் போனாள். அங்கே ஒரு வீட்டுப் பெண்ணுக்கு மூன்றாம் மாதம். வாசலில் வந்து நின்ற மாமியார், “அது அம்மா வூட்டுக்குப் போயிருக்குது” என்றாள். உள்ளே அந்தப் பெண் இருமும் சத்தம் கேட்டது.

“சரிம்மா. வந்தா சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டு விஜயகுமாரி படியிறங்கினாள்.