ரோசரி கட்டிய புழு

1. பூச்சிக் கம்பெனி

அறுபதுகளின் கடைசியில் ராயபுரம் மாதா கோயில் பக்கம் வந்து “பூச்சிக் கம்பெனி எங்கே?” என்று கேட்டால் யாரும் கை காட்டிவிடுவார்கள். கீழே எங்கள் முதலாளி அண்ணாச்சியின் தூண்டில், நைலான் கயிற்றுக் கடை. மாடியில் நாங்கள், எல்லாரும் பெண்கள்.

ட்ரௌட் என்று ஒரு மீன் உண்டு. சீமையில் குளிர்ந்த ஆறுகளில் இருக்கும். நம் ஊட்டி ஓடைகளிலும் வெள்ளைக்காரர்கள் கொண்டு வந்து விட்டிருக்கிறார்கள். தண்ணீருக்கடியில் கல் இடுக்கில் ஊர்கிற பூச்சிக் குஞ்சுகள்தான் அதற்குச் சாப்பாடு. அந்தக் குஞ்சைப் போலவே முயல் முடி, மயிலிறகு, ஈயக் கம்பி வைத்து, மீனை ஏமாற்ற, ஹூக் என்கிற சின்னத் தூண்டில் முள்ளில் கட்டிக் கொடுப்பது எங்கள் வேலை. வெளிநாட்டுக்காரர்கள் அதை நிம்ஃப் என்பார்கள். நாங்கள் புழு என்போம்.

எங்களில் ஒருத்திகூட ட்ரௌட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. என் அண்ணன் காசிமேட்டில் மீன் பிடிப்பவர். நான் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம், “மசிரைத் துன்ற மீனு எந்த ஊர்ல கீது? அதுக்கு இன்னா பைத்தியமா?” என்று சிரிப்பார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்கு நல்ல பெயர். கன்னியர் மடத்தில் எம்பிராய்டரி கற்ற கை. ஹூக்கை மேஜையில் பொருத்திய இடுக்கியில், அதாவது வைஸில், மாட்டினேன், ஈயக் கம்பியைச் சுற்றினேன், முயல் முடியை நூலில் முறுக்கி ஏற்றினேன், ஒரு பிசிறு இல்லாமல் முடிச்சுப் போட்டேன். சூப்பர்வைசர் ஜார்ஜ் சார் அதை டியூப் லைட்டுக்கு அடியில் வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் பார்த்தார். “எல்லாரும் வந்து பாருங்கம்மா. மெஷின்ல செஞ்ச மாதிரி இருக்கு” என்றார். அந்தப் புகழ் கொஞ்சம் அதிகமாகவே எனக்குப் பிடித்திருந்தது.

எனக்குப் பக்கத்து ஸ்டூல் ரோசரிக்கு. அவள் கையில் குறை இல்லை, வாய்தான் நிற்காது. பட்டறையில் பேசக்கூடாது என்பது ஜார்ஜ் சாரின் சட்டம். அவர் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், ரோசரி தெருக்கதை ஒன்றை ஆரம்பித்துவிடுவாள். கதை சூடுபிடிக்கப் பிடிக்க அவள் புழுவில் முடி நாலாபக்கமும் துருத்திக்கொள்ளும். ஜார்ஜ் சார் அதைத் தூக்கிப் பிடித்து, “இது புழுவா, மழைல நனைஞ்ச பூனையா?” என்பார். “மேல ஒருவாட்டி தடவிக் குடுத்துட்டா சரியாப் பூடும் சார்” என்பாள். தடவவே மாட்டாள்.

வேலை போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு உள்ளுக்குள் இருந்தது. ஹார்பரில் மூட்டை சரிந்து விழுந்து அவள் புருஷன் கால் ஒடிந்து வீட்டில் இருந்தார். அவள் சம்பளத்தில்தான் குடும்பம் நடந்தது.

2. மிட்டாய் பாட்டில்

ஒரு நாள், சீமையில் எங்கள் சரக்கை வாங்குகிற துரை நேரிலேயே வந்துவிட்டார். அவர் போகிற கப்பல் மெட்ராஸில் நின்றிருந்தது. மாலையில் கிளம்பிவிடும். வியர்த்து வழிய மாடியேறியவர், உட்காரக்கூட இல்லை. போன சரக்கில் பெரும்பகுதியை மீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். இப்படியே போனால் இதுதான் கடைசி ஆர்டர் என்றார். ஜார்ஜ் சார் தமிழில் சொல்லி முடிக்குமுன்பே அண்ணாச்சியின் முகம் வெளுத்துவிட்டது. எங்களுக்கும்தான். வேறு வாடிக்கையாளர் கிடையாது.

துரை கண்ணாடிப் பாத்திரம் கேட்டார். அண்ணாச்சியே ஓடி, எதிர்க்கடையில் கமர்கட்டைக் கொட்டிவிட்டு மிட்டாய் பாட்டிலைத் தூக்கி வந்தார். தண்ணீர் நிரப்பினோம்.

துரை தன் டப்பாவிலிருந்து ஒரு புழுவை எடுத்துத் தூண்டில் நரம்பில் கட்டி உள்ளே விட்டார். பார்த்ததுமே தெரிந்தது, என்னுடையது. அது ஆணி மாதிரி நேராக அடிக்குப் போய் நின்றது. துரை ஏதோ சொன்னார்.

“செத்துப்போன புழுன்னு சொல்றாரும்மா” என்றார் ஜார்ஜ் சார்.

அடுத்து இன்னொன்றை விட்டார். துருத்திக்கொண்டிருந்த முடியெல்லாம் தண்ணீரில் விரிந்தது. நரம்பை மெல்ல இழுக்க இழுக்கக் கால்கள் மாதிரி மடங்கி, நீண்டு, துடித்தது.

“ஐயே, உசுரு கீதுடி அதுக்கு!” என்று யாரோ கத்தினார்கள்.

மீன் சண்டை போட்டுக்கொண்டு கடிப்பது இந்த ஒன்றைத்தான், இதைக் கட்டியது யார் என்று துரை கேட்டார். ஜார்ஜ் சார் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றதில் முதல் பாதியைத் தமிழில் சொல்லாமல் விட்டுவிட்டார். வழக்கமான அதட்டலில், “இத யாரு கட்டினது?” என்று மட்டும் கேட்டார்.

திட்டத்தான் கேட்கிறார் என்று ரோசரி நினைத்துவிட்டாள். “பிலோதான் சார்!” என்று என்னைக் காட்டினாள்.

துரை வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்னொன்று கட்டு, பார்க்கிறேன் என்றார். உட்கார்ந்து கட்டினேன். கலைத்துவிட நினைத்தாலும் கட்டைவிரல் தானாகவே போய்த் தடவிச் சரிசெய்தது. பாட்டிலில் விட்டார்கள். ஆணி.

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“சார், அத்த கட்டுனது நான் இல்ல. ரோசரி” என்றேன்.

“அடிப்பாவி, காட்டிக் குடுத்துட்டியே! என் வூட்டுக்காரரு கால நீட்டிகினு குந்திகினு கீறாரு, தெரியாதா உனக்கு?”

“ஏய், திட்டலடி. நல்லா கீதுன்னு சொல்றாங்க.”

“போடி, இத்த எவ நம்புவா?”

ஜார்ஜ் சார் அவளை வைஸுக்கு முன் உட்கார வைத்தார். ரோசரி சிலுவை போட்டுக்கொண்டாள். உதட்டை இறுக்கி மூடி, மூச்சுக்கூட விடாமல், ஒவ்வொரு முடியாக அடக்கி, தன் ஆயுளிலேயே மிகச் சுத்தமான புழுவைக் கட்டி நீட்டினாள். அதுவும் ஆணி.

“ஏம்மா, இன்னைக்குன்னு பாத்துதான் ஒழுங்கா கட்டணுமா?” என்று தலையில் கைவைத்தார் அண்ணாச்சி.

நான் அவள் மூடிய வாயைப் பார்த்தேன். அந்த வாய் மூடி அதுவரை நான் பார்த்ததே இல்லை.

“ரோசரி, ஞாயித்துக்கெழம கொழாயடில இன்னாடி சண்ட?”

அவள் பயத்தோடு நிமிர்ந்தாள். “பேசலாமா சார்?”

“பேசும்மா. தயவுசெஞ்சு பேசு” என்றார் ஜார்ஜ் சார்.

“அத்த ஏன் கேக்கற பிலோ! அந்த எதுத்தவூட்டுக்காரி, என் கொடத்த ஒதச்சித் தள்ளிட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி ஜெபமால உருட்டிகினு நிக்கறா. எனக்கு வந்துச்சி பாரு...”

கை அது பாட்டுக்கு ஓடியது. முடியைக் கிள்ளினாள், ஏனோதானோ என்று முறுக்கினாள். கதையில் குடம் நசுங்கிய இடத்தில் ஆத்திரத்தோடு ஒரு இழுப்பு. புழு முடிந்தபோது கதை பாதியில்தான் இருந்தது. ஜார்ஜ் சார் அதை வாங்கித் தண்ணீரில் விட்டார். துடித்தது.

துரை வாய்விட்டுச் சிரித்தார். இந்தப் பெண் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று கேட்டார். தொழில் விஷயம்தான் என்று ஜார்ஜ் சார் இங்கிலீஷில் சொல்லிவிட்டார்.

3. கற்றுக்கொண்டது

ஆர்டர் தங்கியது. பேசக்கூடாது என்ற சட்டம் மறுநாளே போனது. “மெஷின்ல செஞ்ச மாதிரி” கட்டும் நான், ரோசரியிடம் பாடம் கேட்க உட்கார்ந்தேன். முடியை இறுக்காமல் முறுக்க வேண்டும். கட்டி முடித்ததும் புழுவின் நெஞ்சுப் பக்கம் ஊசியால் மெல்லக் கிளறி, பிசிறுகளை வெளியே இழுத்துவிட வேண்டும். சொல்ல எளிது. நன்றாக இருப்பதைக் கெடுக்கிற மாதிரி ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

பிற்பாடு எனக்கே சூப்பர்வைசர் வேலை வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் சொன்னது ஒன்றுதான். செய்த பொருளை அது வேலை செய்யப்போகிற இடத்தில் வைத்துப் பாருங்கள். நாங்கள் அவ்வளவு காலமும் டியூப் லைட்டுக்கு அடியில் வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் பார்த்து மார்க் போட்டுக்கொண்டிருந்தோம். மீன் அங்கே வருவதில்லை.

நான் அதைப் புரிந்துகொண்டேன். என் கை புரிந்துகொள்ள வருஷக்கணக்கில் ஆயிற்று. கட்டி முடித்த பிறகும் ஒரே ஒரு பிசிறை வெட்டிவிடலாமே என்று கத்தரிக்கோலை எடுக்கும். ரோசரி கதையை நிறுத்தாமலேயே அதைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொள்வாள்.

“போதும் பிலோ, வுடு. அது மூச்சு வுட்டுக்கட்டும்.”