பாதிக் கருப்பட்டி

எங்கள் பெரியப்பா வீட்டுச் சமையலறை அலமாரியில், மூடி இறுகிப்போன எவர்சில்வர் டப்பா ஒன்றுக்குள் பாதிக் கருப்பட்டி கிடக்கிறது. கொட்டாங்குச்சியில் ஊற்றி எடுத்த அந்த அரைவட்டத்தின் விளிம்பில் கத்தி இறங்கிய தடம் இன்னும் தெரிகிறது. அதை எறியவும் அவர் விடவில்லை, எடுத்துத் தின்னவும் இல்லை. மேடையில் நான் வாதாடி வென்ற பொருள் அது. என் வெற்றிகளில் இன்றுவரை மிச்சமிருப்பதும் அது ஒன்றுதான்.

பெரியப்பா அரியலூரில் டிப்பர் லாரி ஓட்டியவர். சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் சிமெண்டு ஆலையில் கொட்டிவிட்டு மறுபடி சுரங்கத்துக்குத் திரும்புவது அவர் பிழைப்பு. பிள்ளைகள் இல்லாத அவருக்கு என் பேச்சுப் போட்டிகளே திருவிழா. பெரம்பலூர்க் கல்லூரியில் நான் படித்த நாள்களில், எந்த மேடையில் ஏறினாலும் முன்வரிசையில் ஒரு காக்கிச் சட்டை தெரியும். தலைமுடியில் கல்தூசி அப்பியிருக்கும். கைதட்டலை எந்த இடத்தில் தொடங்கவேண்டும் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தபோது, உணவு ஆலோசகரிடம் அழைத்துச் சென்றவள் நான். மாவுச்சத்தைக் குறைக்கவேண்டும் என்றார் அந்த அம்மையார். பெரியப்பா சோற்றை விட்டார், இட்லியை விட்டார், முட்டையும் கீரையும் கோழியுமாக நாள்களை நகர்த்தினார். தேநீரின் இனிப்பை மட்டும் அவரால் விட முடியவில்லை. மாற்று இனிப்பு ஒவ்வொன்றாக வாங்கிக் கொடுத்தோம். மாத்திரை தகரத்தை நக்கியதுபோல் இருக்கிறது என்றார். வெள்ளைப் பொடி நாக்கில் கற்பூரம்போல் குளிர்கிறது என்றார். கடைசியில் ஸ்டீவியா என்னும் சீனித்துளசிச் சொட்டு மருந்தை ஏற்றுக்கொண்டார், அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான். "மொதல்ல இனிக்குது பாப்பா, பொறவு வேப்பங்குச்சியக் கடிச்ச மாதிரி இருக்கு" என்பார். ஆனாலும் குடித்தார். அளவு இறங்கிக்கொண்டும் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் சிறுவாச்சூரில் ஒரு பட்டிமன்றம் வந்தது. உடலுக்கு உகந்தது மண்ணின் கருப்பட்டியா, மருந்துக்கடை இனிப்பா என்பது தலைப்பு. எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மேடையேற அரைமணி நேரம் இருக்கும்போது சீட்டுக் குலுக்குவோம். எந்த அணி விழுகிறதோ அந்த அணியை, வாழ்நாளெல்லாம் நம்பியவர்போல் பேசவேண்டும். எனக்குக் கருப்பட்டி விழுந்தது. கருப்பட்டி, வெல்லம், தேன் எல்லாமே இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுபவைதாம் என்று அந்த உணவு ஆலோசகர் அம்மையார் சொன்னபோது, பெரியப்பா மருந்துச் சீட்டுக்காக வெளியே வரிசையில் நின்றிருந்தார். அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். கேட்டிருந்தும் பேசினேன். வறண்ட மண்ணில் வேர்விட்டு வானத்தை முட்டும் பனையை வருணித்தேன். "மரம் கொடுத்த இனிப்பு மனிதனைக் கொல்லுமா?" என்று கேட்டு நிறுத்தினேன். பெரியப்பா கைதட்டலைத் தொடங்கினார். கூட்டம் அதை முடிக்க வெகுநேரமாயிற்று.

மறுநாள் அவர் சொட்டு மருந்தைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தார். கருப்பட்டியைத் துண்டு போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். லாரியின் ஒவ்வொரு நடைக்கும் ஒரு தேநீர், தேநீருக்கு ஒரு துண்டு. ஒரு நாள் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன நான், சுரங்கத்து வாசல் டீக்கடையில் அவர் பேசுவதைக் கேட்டேன்.

"எம் பொண்ணு கேட்டா பாரு ஒரு கேள்வி! மரம் குடுத்த இனிப்பு மனுசனக் கொல்லுமான்னு. எதுக்க இருந்த ஒரு பய வாயத் தொறக்கல!"

"அப்ப எனக்கும் ரெண்டு துண்டு வெட்டுங்கண்ணே, நானும் மைக்கப் புடிச்சிடுறேன்" என்றார் உடனிருந்த ஓட்டுநர். எல்லாரும் சிரித்தார்கள்.

ஒரே ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது: "பெரியப்பா, அது போட்டிக்காகப் பேசினது." நான் அதைச் சொல்லவில்லை. என் சொற்களை ஒருவர் மனப்பாடமாக ஒப்பிப்பதைக் கேட்கும் இன்பம் என் நாவைக் கட்டிவிட்டது. சிறு துண்டுதானே என்று எனக்கு நானே தீர்ப்பும் வழங்கிக்கொண்டேன்.

மாதங்கள் சென்றன. அவருடைய காலணிக்குள் ஒரு கல்சில்லு புகுந்தது. காலில் உணர்ச்சி மங்கியிருந்ததால், நாள் முழுக்க அது அறுத்ததை அவர் அறியவில்லை. திருச்சி மருத்துவமனையில் வலதுகாலின் இரண்டு விரல்களை எடுத்தார்கள். புண் ஆறவேண்டுமானால் சர்க்கரை இறங்கியாக வேண்டும், இல்லையெனில் கணுக்கால்வரை போய்விடும் என்றார் மருத்துவர். வலதுகால், பிரேக்கை மிதிக்கிற கால். வீடு திரும்பிய பிறகும், ஊசி போட்டும், சோறு நிறுத்தியும், அளவு இறங்கவில்லை. மருத்துவர் குழம்பினார். சர்க்கரை சேர்க்கிறீர்களா என்று அவர் கேட்கும்போதெல்லாம் பெரியப்பா கூசாமல் சொன்னார்: "சீனியத் தொட்டு வருசமாச்சுங்க சார்." அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் கருப்பட்டி சர்க்கரையே இல்லை.

"ஊருக்கெல்லாம் தீர்ப்பு வாங்கித் தர்றியே, இந்த வூட்டுக்கு ஒரு வழி சொல்ல மாட்டியா?" என்று பெரியம்மா என்னிடம் அழுதார்.

நான் பேசினேன். படித்த வித்தையையெல்லாம் இறக்கினேன். எடுத்துக்காட்டு சொன்னேன், குரலை ஏற்றி இறக்கினேன், கெஞ்சினேன். பெரியப்பா கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்தபடி பொறுமையாகக் கேட்டார்.

"நீ இப்பப் பேசுறதுதான் மேடைப் பேச்சு மாதிரி இருக்கு பாப்பா. அன்னிக்குதான் மனசுலேர்ந்து பேசுன. அத்தன பேரு கை தட்டுனாங்களே, அவங்கல்லாம் கூமுட்டையா?"



மறுநாள் காலை பேசாமல் சோதனைக் கருவியை எடுத்து வந்தேன். கருப்பட்டித் தேநீருக்கு முன் ஒரு சொட்டு இரத்தம், ஒரு மணி நேரம் கழித்து ஒரு சொட்டு. அடுத்த நாள் சீனித்துளசித் தேநீருக்கும் அவ்வாறே. கருப்பட்டிக்கு எகிறி, சொட்டுக்கு அசையாமல் நின்ற நான்கு எண்களையும் நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதி அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இது ஒனக்கு அன்னிக்கே தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். என் வாயிலிருந்து எது வந்தாலும் நம்பியவர் அவர்.

"தெரியும் பெரியப்பா."

அவர் திட்டவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில், கருப்பட்டித் துண்டுகள் இருந்த பையில், வைத்துக்கொண்டார். பெரியம்மாவிடம், டப்பாவை மூடி மேல்தட்டில் வைக்கச் சொன்னார். அதன்பின் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை டம்ளரை என் பக்கம் நீட்டினார்.

அன்றுமுதல் தினமும் காலையில் நான்தான் சொட்டு விடுகிறேன். அளவு மெல்ல இறங்குகிறது; ஆனால் புண்ணின் ஓரம் இன்னும் கறுத்தே இருக்கிறது. வரும் வியாழக்கிழமை கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக மருத்துவர் கூறியிருக்கிறார். அந்தப் பாதத்தைக் காப்பாற்றித் தரும் சொல் என்னிடம் ஒன்றுகூட இல்லை. மேடைக்கு அழைப்பவர்களிடம் ஊரில் இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.

இன்று காலையும் டம்ளரை நீட்டினார். மேல்தட்டு டப்பாவில் எறும்பு வரிசை ஏறிக்கொண்டிருந்தது. இறுகிய மூடியைச் சுற்றிவிட்டு வந்த வழியே இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று சொட்டுகளை எண்ணினேன். அவர் சீசாவைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"இது நெசந்தான பாப்பா?"

தினமும் கேட்கிறார்.

"நெசம் பெரியப்பா" என்றேன். அதன் பிறகே தேநீரைக் குடித்தார்.