தலைமாட்டு அரிவாளை எடுத்த அண்ணி

என் முதல் மகளைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது. சபையில் எழுந்து நின்று இதைச் சொல்லக் கூச்சம். ஐந்தாவது வரை படித்தவள், தெரிந்த மட்டும் எழுதித் தருகிறேன். யாராவது வாசியுங்கள்.

அறுபத்தொன்பதாம் வருஷம், அடைமழைக் காலம். எளாவூரில் கணவர் வீட்டில் பிரசவம். எனக்குத் தாய் இல்லை. கணவர் கல்கத்தா லாரியில் போனால் வர நாளாகும். ஜெபிக்கிற குடும்பம்தான், ஆனாலும் பழைய வழக்கம் போகவில்லை. காற்றுக் கருப்பு அண்டாமல் இருக்க, என் தலைமாட்டில் மாமியார் ஓர் அரிவாளை வைத்தார். தீட்டு என்று அறைக்குள் யாரும் வந்து உட்காரவும் மாட்டார்கள்.

எனக்குத் தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. சும்மா சும்மா அழுகை. பிறகு ஒரு நினைப்பு வந்தது. இந்த அரிவாளை எடுத்து என் கையே குழந்தையை ஏதாவது செய்துவிடுமோ? அரிவாளை வெளியே தள்ளி வைப்பேன். மாமியார் பிரியமாகவே திரும்பக் கொண்டுவந்து வைப்பார். வாய் திறந்தால் பேய் பிடித்தவள் என்பார்களே. "ஆண்டவரே, என் கையைப் பிடித்துக்கொள்ளும்." இதுதான் என் ஜெபம்.

அந்தச் சமயம் கணவரின் அக்கா, எஸ்தர் அண்ணி, பள்ளிப்பட்டிலிருந்து வந்தார். வாய் நீளம். கல்யாணத்தன்று என் நிறத்தைக் கேலி செய்தவர். எல்லாரும் குழந்தையைப் பார்த்தார்கள். அண்ணி என்னைப் பார்த்தார்.

"இன்னாடி சலோமி, கொயந்த அங்க, நீ இந்த மூலையில? பாய வாடகைக்கு வுட்டுட்டியா?"

அழுதுவிட்டேன். அண்ணி தீட்டுப் பார்க்காமல் உட்கார்ந்து என் கையைப் பிடித்தார். எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்தும் அவர் கையை விடவில்லை.

"புள்ளைக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதானே இந்தப் பயம்? இது பேயும் இல்ல, பிசாசும் இல்ல. உடம்பு நோவற மாரி மனசு நோவுது."

அரிவாளை எடுத்துக்கொண்டு எழுந்தார். மாமியார் வாசலில் மறித்தார்.

"அத எடுக்காதடி, காத்து அண்டும்!"

"அண்டட்டும்மா. நான் இங்கயே குந்தினு இருக்கேன். என் வாய்க்கு முன்னால எந்தக் காத்து நிக்கும்?"

மாமியாரே சிரித்துவிட்டார்.

அண்ணி தன் வீட்டை விட்டு என் பக்கத்திலேயே படுத்தார். பால் கொடுத்ததும் குழந்தையை வாங்கிக்கொண்டு, "நீ தூங்கு" என்பார். பார்க்க வருகிறவர்களிடம், "கொயந்தய அப்பால பாரு. பெத்தவ சாப்ட்டாளான்னு மொதல்ல கேளு" என்பார். மழை விட்டதும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பிரசவமானவர்களுக்கு வருகிற நோய்தான், தீரும் என்று டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். மெல்ல மெல்லத்தான் தெளிந்தேன். ஒருநாள் காலையில் நானாகவே குழந்தையைத் தூக்கிக் குளிப்பாட்டினேன். அண்ணி துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

அப்படி ஒரு மனுஷியை நான் இன்னும் பார்க்கவில்லை. அவரை அனுப்பிய ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அதற்குப் பிறகு, நாலு பேர் முன்னால் நிற்கவே கூசுகிற நான், பிள்ளை பெற்ற வீடென்றால் கூப்பிடாமலே போகிறேன்.

இதைக் கேட்கிற மகளே, பிள்ளை பெற்றும் உனக்குச் சந்தோஷம் வரவில்லையா? மறைக்காதே. ஆண்டவரிடம் சொல், அவர் கேட்பார். பக்கத்தில் இருக்கிற ஒருவரிடமும் சொல். யாரும் இல்லையென்றால், சபையில் கடைசிப் பாயில், சுவரோரம் உட்கார்ந்திருப்பேன். வந்து என் பக்கத்தில் உட்கார்.