என் தம்பிக்குக் கிடைத்த கைத்தட்டல்

நான் ஒரு திருடி.

பொன்னையோ பொருளையோ திருடவில்லை. என் தம்பி சவரிமுத்துவின் ஒரு மாலைப்பொழுதைத் திருடினேன். அவன் போட வேண்டிய வேடத்தை நான் போட்டேன். அவன் பேச வேண்டிய வசனத்தை நான் பேசினேன். அதோடு விட்டேனா? அவனுக்கு எதிரே நின்று நடித்த கதாநாயகனையே கல்யாணமும் செய்துகொண்டேன்!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் பல நாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறேன். ஆனால் சிரித்து முடித்த பிறகு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கல்லாக உட்கார்ந்துவிடுகிறதே... அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. செஞ்சியில் எங்கள் வீடு பள்ளிக்கூட மைதானத்துக்கு அடுத்த தெருவில் இருந்தது. நைனா மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடுகிறவர். எனக்கு இருபது வயது. சவரிக்கு என்னைவிட ஒரு வயது குறைவு. ஒரே உயரம், ஒரே மூக்கு. 'அச்சில் வார்த்தாற்போல்' என்று ஊர் சொல்லும்.

சவரி நாடகத்தில் பெண் வேடம் போடுகிறவன். தையல்கடை காசிம் பாய்தான் அந்த நாடகக் குழுவுக்கு ஆசிரியர், ஆர்மோனியம், அதட்டல் எல்லாம். பெண்களை மேடையேற்றுவதா? அந்த நாளில் எங்கள் ஊரில் அப்படி ஒரு பேச்சை எடுத்திருந்தால் ராஜகிரி மலையே இடிந்து விழுந்திருக்கும்!

அந்த வருடம் பொங்கலுக்கு ஒரு சிரிப்பு நாடகம். இளவரசி செண்பகவல்லியை ஒரு குறுநில மன்னனுக்கு நிச்சயம் செய்கிறார்கள். மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று பார்க்க, அவள் குதிரைக்காரன் வேடத்தில் அவனிடமே வேலைக்குச் சேருகிறாள். அவனோ பெண்கள் என்றாலே நாக்குழறுகிறவன். 'பெண்ணிடம் எப்படிப் பேசுவது?' என்று அந்தக் குதிரைக்காரனிடமே பாடம் கேட்கிறான். கதை அவ்வளவுதான்.

இளவரசி, என் தம்பி. மன்னன், வாடகை சைக்கிள் கடை அமலதாஸ்.

ஒத்திகை எங்கள் வீட்டுப் பின்கட்டில் நடந்தது. நான் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து தேநீர்க் குவளைகளை நீட்டுவேன். என் கையைத் தவிர வேறெதையும் அமலதாஸ் பார்த்ததில்லை. நானோ கதவிடுக்கு வழியே எல்லாவற்றையும் பார்த்தேன்! எல்லார் வசனமும் எனக்கு மனப்பாடம். சவரி தடுமாறும்போதெல்லாம் உதட்டுக்குள் நான் முடித்து வைப்பேன்.

நாடகத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் சவரிக்குப் பொன்னுக்குவீங்கி கண்டது. இரண்டு கன்னமும் உப்பி, கழுத்தில் வைத்தியத்துக்காகப் போட்ட அம்மாவின் தங்கச் சங்கிலியோடு, பாவம், நகைக்கடைப் பொம்மைபோலப் படுத்துக் கிடந்தான். அம்மாவோ சித்தியின் பிரசவத்துக்குச் சீயமங்கலம் போயிருந்தாள். தொற்றுநோயாயிற்றே என்று குழுவினர் ஒருவரும் வீட்டுப் பக்கம் வரவில்லை. காசிம் பாய் மட்டும் தெருவில் நின்று மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு கத்துவார்: "டேய் சவரி! வந்துடுவியாடா? உசுரு போனாலும் நாடகம் முடிஞ்சப்புறம் போவட்டும்டா!"

இப்போது உண்மைக்கு வருகிறேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நாடகத்தன்று காலையில் சவரியின் முகம் வடிந்துவிட்டது.

ஆம், வடிந்துவிட்டது! கஞ்சியோடு அறைக்குள் போனவள் பார்த்தேன். பழைய சவரியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். நான் என்ன செய்திருக்க வேண்டும்? "எழுந்திருடா, நல்லாயிட்டே!" என்று கூவியிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. சத்தமில்லாமல் ஆணியிலிருந்து கண்ணாடியைக் கழற்றி அரிசிப்பானைக்குள் புதைத்தேன். எங்கள் வீட்டில் மாட்டியிருந்ததே அந்த ஒரு கண்ணாடிதான். நைனா விடியும் முன்பே வெளியே கிளம்பிப் போயிருந்தார்.

எழுந்தவன் கன்னத்தைத் தடவினான். "கொறைஞ்ச மாதிரி இருக்குதேக்கா?"

"தொட்டா இன்னாடா தெரியும்? நேத்தைக்கு இன்னிக்கு அதிகம்டா."

"கண்ணாடி எங்கக்கா?"

"ஒடஞ்சுடுச்சு."

ஒரு பொய் அல்ல, இரண்டு. நாக்கு கூசவில்லை. அதுதான் இன்றும் என்னை அச்சுறுத்துகிறது.

அவன் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதான். "இளவரசிக்குப் பூசணிக்கா மூஞ்சின்னா ஊரே கைகொட்டிச் சிரிக்குமே... பாய் என்னைக் கொன்னுடுவாருக்கா."

"வேணும்னா..." என்றேன். "நான் போறேன்."

முதலில் சிரித்தான். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு, "வசனம்?" என்று கேட்டான். நான் முதல் காட்சியைச் சொல்லத் தொடங்கினேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று இருவரும் மாதா படத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தோம். அந்தச் சத்தியத்தை அவன் காப்பாற்றினான். நான்...? பொறுங்கள்.

சுற்று ஊர்க்காரர்கள் வல்லம் பேருந்தைப் பிடிக்க வேண்டுமென்று நாடகத்தை நான்கு மணி வெயிலிலேயே வைத்திருந்தார்கள். துவைப்பதற்காக எங்கள் வீட்டில் இருந்த ஜிகினாச் சேலையைக் கட்டி, முகத்தில் ரோஸ் பவுடரை அப்பிக்கொண்டு, தாடையைச் சுற்றி ஒரு துணியையும் கட்டிக்கொண்டேன். பெண்ணான நான், பெண் வேடமிட்ட ஆணாக மைதானத்துக்கு நடந்தேன்.

யாரும் கிட்டே வரவில்லை. பொன்னுக்குவீங்கிக்கு அவ்வளவு மரியாதை! ஒப்பனைக்காரர் பத்தடி தூரத்தில் நின்றே, "சவுரி முடி எங்கடா வாங்கினே? நெசம் மாதிரியே இருக்குது" என்றார். காசிம் பாய் இன்னும் தள்ளி நின்று, "தொண்டை கட்டிக்கிச்சா? பரவால்ல, சமாளி" என்றார்.

முதல் காட்சியில் இளவரசியாக வந்தேன். கூட்டம் கொட்டாவி விட்டது. திரைக்குப் பின்னால் வந்ததும் பாய் பொரிந்து தள்ளினார்: "இன்னாடா நடை இது? பொம்பள களையே இல்லியே! வீட்ல ஒரு அக்கா இருக்குதில்ல? அது நடக்கறதப் பார்த்துக் கத்துக்கக் கூடாதா?"

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்கள்!

அடுத்த காட்சிக்குக் குதிரைக்காரன் உடை. கால்சட்டை, முண்டாசு, கையில் சாட்டை. வாழ்நாளில் முதன்முறையாகக் கால்களை அகட்டி வைத்து நின்றேன். மேடைப் பலகை அதிர நடந்தேன். அடடா... அந்தச் சுகத்தை எந்தச் சொல்லால் சொல்வேன்! அப்படி உரக்கப் பேச எனக்குள் ஒரு குரல் இருந்தது எனக்கே தெரியாது. கதவுக்குப் பின்னால் குவளை நீட்டியவள் யார், இவள் யார்? எது வேடம், எது நான்?

"இப்பத்தாண்டா ஆம்பள!" என்று முன்வரிசையில் ஒரு குரல். திரும்பிப் பார்த்தால்... நைனா!

பாடம் கேட்கும் காட்சி வந்தது. அமலதாஸ் மார்பை நிமிர்த்திக்கொண்டு முழங்கினார்: "அடே குதிரைக்காரா! கொள்ளு தின்னும் குதிரையின் குணமறிந்த நீ, கொல்லும் விழியுடைய கோதையரின் குணமறிவாயோ?"

"என்னையே கோதையென்று எண்ணிக்கொண்டு பேசுங்கள் மன்னா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். மற்றவர்கள் போலத் தள்ளி நிற்கவில்லை. அவருக்குச் சின்ன வயதிலேயே அந்த நோய் வந்து போய்விட்டதாம். கிட்டே, மிகக் கிட்டே நின்று பார்த்தார். வசனம் மறந்துவிட்டது. வாய் திறந்தது, மூடியது. கூட்டம் நெளிந்தது. திரைக்குப் பின்னால் பாய் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது.

நாடகத்தில் இல்லாத ஒன்றை நான் சொன்னேன். "பேச்சு வரவில்லையா மன்னா? இதற்குத்தானே அவள் இத்தனை நாள் காத்திருந்தாள். நீங்கள் இப்படியே நில்லுங்கள். அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள்."

யார் சொன்னது அதை? செண்பகவல்லியா? குதிரைக்காரனா? கதவிடுக்கில் நின்ற பிலோமினா சொன்னாள்!

கைத்தட்டல் அடங்கவே இல்லை.

வீட்டுக்கு ஓடிவந்தபோது சவரி இருட்டறையில் உட்கார்ந்திருந்தான். "இங்க வரைக்கும் கேட்டுதுக்கா" என்றான். "எனக்குத் தட்டறாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்." கன்னம் நனைந்திருந்தது. அந்த வீங்காத கன்னம்!

கண்ணாடியை மறுநாள் ஆணியில் மாட்டினேன். "ஒடஞ்சது எறவாணத்துல சொருகி வச்சிருந்த பழசு" என்று மூன்றாவது பொய். "ஒரே ராத்திரியில வடிஞ்சுடுச்சு பாத்தியாக்கா" என்று அவன் வியந்தான்.

நைனா ஊரெல்லாம் மார்தட்டினார். "புள்ளைன்னா இவன்தான் புள்ளை! நீயும் இருக்கியே, அடுப்பை விட்டா இன்னா தெரியும் உனக்கு?" நான் தலைகுனிந்து அவர் இலையில் குழம்பு ஊற்றினேன்.

சித்திரையில் அடுத்த நாடகம். சவரி மேடையேறினான். எப்போதும்போல நன்றாகத்தான் செய்தான். ஆனால் கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "போன தபா வந்தவன் எங்கடா?"

ஊரே சிரித்தது. சவரி நடுமேடையில் நின்றுவிட்டான். அவனைக் கேலி செய்தவனுக்குத் தெரியாது, தான் கேட்டது எவ்வளவு சரியான கேள்வியென்று.

அதன் பிறகு அவன் வேடமே கட்டவில்லை. பேருந்து நடத்துநர் ஆனான். மேடையில் முழங்க வேண்டிய தொண்டை, "வல்லம்லாம் எறங்கு! வல்லம்லாம் எறங்கு!" என்று ஓய்வு பெறும்வரை கத்தியது. "உன்னை மாதிரி எனக்கு வரலக்கா. கடவுள் குடுக்கல" என்று ஒருமுறை சாதாரணமாகச் சொன்னான். கடவுள் கொடுத்திருந்தார் தம்பி. உன் அக்காதான் நடுவில் வந்து...

அமலதாஸ் கதை வேறு. நாடகத்துக்குப் பிறகு அவர் சவரியைக் கண்டால் எதிர்த்தெருவில் நுழைந்துவிடுவாராம். மாதங்கள் கழித்து, திடீரென்று தன் தாயாரை அழைத்துக்கொண்டு என்னைப் பெண் கேட்டு வந்தார். நான் மகிழ்ந்து போனேன். கண்டுபிடித்துவிட்டார், என் கண்ணைக் கண்டு கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன்!

கல்யாணமான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கோழி அரிந்துகொண்டிருக்கையில் வந்து குந்தினார்.

"பிலோமி, சிரிக்காத. அன்னிக்கு உந்தம்பி பார்த்தான் பாரு ஒரு பார்வை... எனக்குப் பைத்தியமே புடிச்சிடும் போல ஆயிடுச்சு. ஒரு ஆம்பளப் பையனப் போயி இப்டி நெனைக்கிறமேன்னு கோயில்ல முட்டிபோட்டு அழுதேன். அப்பறந்தான் அவனுக்கு ஒரு அக்கா இருக்குதுன்னு ஞாபகம் வந்துச்சு. ஜாடை கொஞ்சமாவது இருக்காதான்னு..."

"இருக்குதா?" என்று கேட்டேன்.

என்னைக் கூர்ந்து பார்த்தார். "மூக்குல இருக்குது. பார்வை வரல."

கத்தி கோழியின் மேலேயே நின்றது. ஒரு வார்த்தை போதும், அவர் துயரமும் தீரும், என் மானமும் மீளும். ஏன் சொல்லவில்லை? 'நீயா? எப்படி?' என்று கேட்பார். சவரியை அழைத்து விசாரிப்பார். அன்று காலை அவன் முகம் எப்படி இருந்தது என்பதில் போய் முடியும். அந்தப் பயந்தான். என்னோடு நானே போட்டியிட்டு, ஆயுள் முழுக்க அந்தக் குதிரைக்காரனிடம் தோற்றுக்கொண்டிருந்தேன்!

கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யக் கூடாதா என்பீர்கள். செய்தேன். "பொய் சொன்னேன் சாமி" என்றேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. அப்பாடா என்று எழுந்து வந்துவிட்டேன்.

போன கிறிஸ்துமஸுக்குத்தான், கிழவியாகிவிட்ட துணிச்சலில், என் வீட்டுக்காரரிடம் பாதியைச் சொன்னேன். "அன்னிக்கு நடிச்சது நான்" என்றேன்.

அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "போடி! உனக்கு நடிக்க வருமா? பொய் சொன்னாலே உன் மூஞ்சி காட்டிக் குடுத்துடுமே!"

பகல் விருந்துக்குச் சவரி வந்தான், வழக்கம்போல எனக்கு ஒரு சேலையோடு. வந்தவனை வாசலிலேயே மடக்கினார். "டேய் மச்சான், உங்கக்கா இன்னா சொல்றா தெரியுமா? குதிரைக்காரன் அவளாம்!"

சவரி என்னைப் பார்த்தான். ஒரு கணந்தான். பிறகு நெஞ்சில் கை வைத்தான். "மாதா மேல சத்தியமா நாந்தான் மாமா நடிச்சேன்."

எனக்காகப் பொய்ச் சத்தியம்! என் அறுபத்தெட்டு வயதுத் தம்பி!

சாப்பிட உட்கார்ந்தான். அவர் வெற்றிலை வாங்கக் கடைக்குப் போனதும், சவரி குரலைத் தாழ்த்தினான். "ஏன்க்கா ஒளறினே? நான் சாவற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன். அன்னிக்கு நீ இல்லன்னா என் மானம் போயிருக்கும். வருசா வருசம் ஒரு பொடவை, அதான் என்னால முடிஞ்சுது."

"சவரி..." என்றேன். கரண்டியைக் கீழே வைத்தேன். "அன்னிக்குக் காலையில உன் மூஞ்சி..."

"அய்யோ, ஆமாக்கா! பூசணிக்காயாட்டம்!"

வாய்நிறையச் சோற்றோடு சிரித்தான். புரையேறிவிட்டது. ஓடிப்போய் அவன் தலையில் தட்டினேன். தண்ணீரைக் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"யாரோ என்னை நெனைக்கிறாங்கக்கா" என்றான்.

"ஆமாண்டா" என்றேன்.