முடியாத வேர்

தீவுக் கிராமமான கரம்பொனில் எங்கள் குடும்பத்தில் பல்வைத்தியர் எவரும் இல்லை. ஆனாலும் என் ஒன்பது வயது மகளின் முன்பல்லைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல ஆட்களுக்குக் குறைவிருக்கவில்லை. எல்லே என்ற மட்டைப்பந்து விளையாடும்போது சினேகிதியின் மட்டை பட்டு அதன் ஓரம் உடைந்திருந்தது. "பால்பல்லுத்தானே, விழுந்து முளைக்கும்" என்று முதல் தீர்ப்பை வழங்கியவன் நான்.

"அது விழுந்து முளைச்ச பல்லப்பா" என்றாள் மனைவி. நான் பெருந்தன்மையோடு அதைக் காதில் வாங்கவில்லை.

நான்கு மாதத்தில் ஈறு வீங்கிச் சீழ் வைத்தது. கனடாவில் லொறி ஓட்டியே பல்வைத்தியமும் கற்றுக்கொண்ட என் அண்ணன் தொலைபேசியில் வந்தார். "புடுங்கி எறியடா. இங்கை எல்லாரும் பொய்ப்பல்லுத்தான்."

யாழ்ப்பாணத்துப் பல்வைத்தியர் இளம்பெண். வயதைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அவர் எக்ஸ்ரேயைக் காட்டினார்.

"உள்ளுக்கை நரம்பு செத்திட்டுது. ஆனா வேர் வளர்ந்து முடியேல்லை, நுனி திறந்து கிடக்கு. வழமையா அடைக்கிற மாதிரி அடைக்க ஏலாது. கழுவி மருந்து வைப்பம். பிறகு அடியிலையிருந்து ரத்தத்தை உள்ளுக்கு வரப்பண்ணி, மேலை மூடிவிட்டால், வேர் வளரச் சந்தர்ப்பம் இருக்கு."

"புடுங்கினால்?"

"நிரந்தரப் பொய்ப்பல்லுக்குத் தாடை வளர்ந்து முடியவேணும். அதுவரைக்கும் ஓட்டைதான்."

"இது கட்டாயம் வளருமோ?"

"சொல்ல ஏலாது."

எங்கள் தீவில் எதையும் தெரியாதென்று சொல்பவரை நான் அதுவரை சந்தித்ததில்லை. அந்த அதிர்ச்சியிலேயே சம்மதித்தேன்.

அன்றே கழுவி மருந்து வைத்தார்கள். நான்கு வாரம் கழித்து மீண்டும் போனோம். கடலைக் கடந்து யாழ்ப்பாணம் சேர்க்கும் பண்ணைப் பாலம் முடியும்வரை மகளுக்குத் துணிவு பற்றி விரிவுரை ஆற்றினேன். விறைப்பூசி போட்டபின், வைத்தியர் மெல்லிய கம்பியை வேர்நுனிக்கு அப்பால் செலுத்தினார். "ஆ, ரத்தம் வந்திட்டுது!" என்று மகிழ்ந்தார்.

அடுத்ததாக எனக்கு நினைவிருப்பது, தரையில் படுத்திருந்த என் முகத்தில் தாதி தண்ணீர் தெளித்தது. மகள் அசையாமல், திறந்த வாயோடு, கடைக்கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லை மூடி முடித்ததும், விறைத்த உதட்டால் கேட்டாள்: "அப்பா, உங்களுக்கும் ஊசி போட்டவையோ?"

ஒரு வருடம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் வேர்ச்சுவர் தடித்திருந்தது, நுனியும் ஒடுங்கியிருந்தது. பல் மட்டும் சற்றுச் சாம்பல் நிறம். வைத்தியர் காட்டிய இடத்தில் எனக்குப் புகைதான் தெரிந்தது. ஆனாலும் எல்லாம் விளங்கியவனாகத் தலையாட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இன்னொருமுறை பார்த்தேன்.

வெளியே வந்ததும் மகள் கொய்யாப்பழம் வாங்கச் சொன்னாள். கடைவாயால் கடிக்கும்படி வைத்தியர் சொல்லியிருந்தார். அவள் முன்பல்லாலேயே கடித்தாள்.