விளிம்பு உயர்ந்த சிவப்புத் தட்டு

மறதி நோய் முற்றிய பிறகு, எவர்சில்வர் தட்டில் இருக்கும் வெள்ளைச் சோறு அப்பாவின் கண்ணுக்குப் பிடிபடாமல் போனது. விளிம்பு உயர்ந்த சிவப்புத் தட்டு ஒன்று வாங்கினேன். அன்றிலிருந்து ஒரு பருக்கை சிந்தாமல் அவரே சாப்பிட்டார்.

மாங்காட்டில் அண்ணன் வாங்கிய ஃபிளாட்டின் கிரகப்பிரவேசத்துக்கும் அந்தத் தட்டை எடுத்துப்போனேன். அண்ணன் அதைப் பிடுங்கிப் பைக்குள் திணித்தான்.

"இன்னாடி இது, சின்னப் பசங்க தட்டு? ஆபீஸ்காரங்க எல்லாம் வந்துகீறாங்க. எல்லார் மாதிரியும் இலையிலயே துன்னட்டும்."

இலையில் ரசம் வரும்போது சோற்றில் குழி பறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அப்பாவுக்கு அது மறந்துபோயிருந்தது. ரசம் ஓடி அவர் வேட்டியை நனைத்தது. யாரோ சிரித்தார்கள்.

"அப்பாவ உள்ள ரூம்ல குந்த வை" என்றான் அண்ணன். அரைவயிற்றோடு அவர் எழுந்து போனார். இதே ரசத்தை இவனும் மடியில் வாங்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

அடுத்த மாதம் ஆவடியில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். மேஜையில் அவனுக்குத் தலைவாழை இலை போட்டேன், அப்பாவுக்குச் சிவப்புத் தட்டு வைத்தேன். அவன் சோற்றில் கை வைக்கும் முன்பே, ஆறவைத்த ரசத்தை இரண்டு கரண்டி ஊற்றினேன். அது வழிந்து அவன் வெள்ளை பேண்ட்டில் இறங்கியது.

"ஏய், கண்ணு தெரியல?" என்று கத்தினான்.

அப்பா அவனையே பார்த்தார். பிறகு, பாதி சாப்பிட்ட தன் தட்டை அவன் பக்கம் தள்ளினார்.

"இந்தா நைனா, இதுல துன்னு. வழியாது."

அண்ணன் தலையைத் தூக்கவே இல்லை. நான் அவன் இலையிலேயே இன்னொரு கரண்டி ஊற்றினேன்.