வைக்கோல் போர்

மகள் பத்தாம் வகுப்பில் ஐரோப்பிய வரலாறு எடுத்த வருடம் எனக்கும் பழைய வேலை திரும்பக் கிடைத்தது. விருதுநகர் பக்கம் ஒரு தமிழ் வழிப் பள்ளியில் பதினோரு வருடம் வரலாறு நடத்தியவள் நான். கணவருக்கு டெக்சாஸில் வேலை அமைந்து பிளானோவுக்கு வந்த பிறகு, நான் நடத்திய பாடங்கள் இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

சனிக்கிழமை காலைகளில் சாப்பாட்டு மேசையில் உட்காருவோம். நான் தமிழில் கேள்வி கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். முப்பதாண்டுப் போரையும் பிரெஞ்சுப் புரட்சியையும் அப்படித்தான் கடந்தோம். முதல் உலகப் போர் முடிந்து போட்ட உடன்படிக்கையை நான் "வெர்செயில்ஸ்" என்றேன்.

"வெர்ஸாய், அம்மா. எல்லும் எஸ்ஸும் சைலண்ட்."

பதினோரு வருடமும் வெர்செயில்ஸ் என்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தேன். பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போர்கள் முடிந்து ஓவிய இயக்கங்களுக்கு வந்தோம். ஒரே ஓர் ஓவியத்தை நேரில் பார்த்து இரண்டு பக்கம் எழுதிவரச் சொல்லியிருந்தார் அவளுடைய டீச்சர். டாலஸில் ஓர் அருங்காட்சியகத்தில் இம்ப்ரெஷனிச ஓவியங்களைச் சில வாரங்களுக்கு வைத்திருந்தார்கள். டோல்வே என்கிற கட்டணச் சாலையைப் பிடித்துப் போனோம்.

மூன்றாவது அறையில் அந்தப் படம் இருந்தது. பார்த்ததும் நின்றுவிட்டேன். எனக்கு நன்றாகத் தெரிந்த படம். எங்கள் பள்ளி நூலகத்துக் கலைக்களஞ்சியத்தில் கறுப்பு வெள்ளையில் அச்சாகியிருந்ததை ஜெராக்ஸ் எடுத்து, அட்டையில் ஒட்டி, வருடா வருடம் வகுப்பில் காட்டியிருக்கிறேன். தரை வெளுத்திருக்கும், கூம்பு போன்ற இரண்டு உருவங்கள் கருத்திருக்கும். 'பனி மூடிய வயல், பனிக்குள்ளே இரண்டு குடிசைகள்' என்று விளக்குவேன். குளிர்நாட்டு விவசாயியின் வறுமை பற்றி ஐந்து நிமிடம் பேசவும் செய்வேன்.

இங்கே சுவரில் பனியே இல்லை. அறுத்து முடித்த வயலில் மாலை வெயில் மஞ்சளும் ஆரஞ்சுமாக எரிந்துகொண்டிருந்தது. குடிசைகளும் இல்லை.

"என்னம்மா ஆச்சு?"

"இது வைக்கோல் போர்டி."

"எந்த வார்?" என்று மகள் நோட்டைத் திறந்தாள். அவளுக்குத் தெரிந்த போர் ஒன்றுதான். வைக்கோலைக் குவித்து வைப்பதற்கும் தமிழில் அதே சொல் என்று விளக்கியபோது சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் கூச்சமாக இருந்தது. வைக்கோல் போர் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் அதையே காட்டி, குடிசை என்று சொல்லியிருக்கிறேன்.

படத்தை போனில் எடுத்தேன். வீடு திரும்பியதும் பழைய மாணவர்களின் வாட்ஸப் குழுவில் போட்டு, கீழே எழுதினேன்: "பிள்ளைகளா, இதைப் பனி என்று சொல்லிக்கொடுத்தேன். தவறு. வெயில். குடிசையும் இல்லை, வைக்கோல் போர்."

சிலர் கும்பிடும் கைகளை அனுப்பினார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவன், "அந்தப் படமே ஞாபகம் இல்ல டீச்சர், நீங்க கவலைப்படாதீங்க" என்றான். மறுநாள் ஒருத்தி தனியாகப் போனில் கூப்பிட்டாள். சாத்தூர் பக்கம் அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியையாக இருக்கிறாள்.

"டீச்சர், எங்கிட்ட உங்க அட்டை மாதிரியே ஒண்ணு இருக்கு. ஆறு வருஷமா நானும் பனின்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"மாத்திச் சொல்லிரும்மா" என்றேன்.

"திங்கக்கிழமையே சொல்லிர்றேன். நான் மட்டும் அசல் படத்தப் பாத்தேனா என்ன, நீங்க சொன்னதத்தான் சொன்னேன்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு உறைத்தது.

திங்களன்று தன் போனையே வகுப்பில் சுற்றுக்கு விட்டிருக்கிறாள். சாயங்காலம் ஒரு செய்தி வந்தது. "ஒரு புள்ள கேக்குறா டீச்சர். வெயில் மஞ்சளா இருக்கு, சரி. போரோட நிழல் ஏன் நீலமா இருக்கு, நிழல்னா கறுப்புதானேங்கிறா. என்ன சொல்ல?"

எனக்குத் தெரியவில்லை. மகளைக் கேட்டேன். "ஐ திங்க் வானத்தோட கலர்மா, நாட் ஷ்யூர்" என்றாள். இந்த முறை தெரியாததைச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடி போனோம். கட்டுரையை முடித்துக் கொடுத்துவிட்டிருந்தும் மகள் தானாகவே காரில் ஏறினாள்.

நிழலை மட்டும் இருபது நிமிடம் பார்த்தோம். மிகவும் குனிந்ததற்கு, கொஞ்சம் தள்ளி நிற்கும்படி காவலர் சொன்னார். கிட்டத்தில் நீலம் மட்டும் இல்லை. ஊதா இருந்தது, பச்சை இருந்தது, ஓரத்தில் சிவப்புத் தீற்றல்கூட இருந்தது. கறுப்பைத் தேடினோம், எங்கள் கண்ணுக்கு அகப்படவில்லை.

பார்த்ததை அப்படியே சாத்தூருக்கு எழுதினேன். காரணம் தெரியவில்லை என்றும், சாயங்காலம் பள்ளி விட்டதும் அந்தப் பிள்ளையையே ஏதாவது ஒரு நிழலைப் பார்த்துச் சொல்லச் சொல் என்றும் சேர்த்துக்கொண்டேன்.